லட்சுமியை நோட்பேடில் திறந்து பார்த்தவர்

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கு ஊர் ஜனத்தையும் ஒரே மைதானத்தில் நிறுத்திச் சலித்துப் பார்த்தாலும், சொந்த நிழலைத் திரும்பிப் பார்த்து 'யாரு நீ, எதுக்கு எம் பின்னாடியே வர்ற?' என்று கேட்கக்கூடிய ஆள் ஒருத்தர்தான் தேறுவார். அவர் எங்கள் ஆபீஸ் நோட்பேட் அண்ணன்.

அவருக்கும் அம்மா அப்பா ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மரியாதைக்குக் கேட்டேன். "எதுக்குக் கேக்குற?" என்றார். அதோடு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் ஆபீஸ் வில்லியனூரில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. கீழே யூரியா, மேலே நாங்கள். பரம்பரையாக உர வியாபாரம் செய்யும் முதலாளிக்கு, மூட்டை தூக்காமலே ஒரு தொழில் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, மாடு வளர்ப்பவர்களுக்கு ஓர் ஆப் செய்ய எங்களைப் பிடித்துவிட்டார். மாட்டின் காதில் ஒரு மஞ்சள் தோடு மாட்டியிருக்கும், அதில் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரை ஆப்பில் போட்டால் எப்போது தடுப்பூசி, எப்போது சினை ஊசி, சினை பிடித்ததா இல்லையா, எல்லாம் வரும். உள்ளே ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு டாக்குமென்ட். என் வேலை அந்த ஆப்பைத் தட்டித் தட்டித் தப்பு கண்டுபிடிப்பது. நோட்பேட் அண்ணன் வேலை டேட்டாவைப் பத்திரமாக வைப்பது. பத்திரமாக வைக்க அவரை விட்டால் ஆள் ஏது?

கம்ப்யூட்டரில் நோட்பேட் என்று ஒரு சாதாரண புரோகிராம் இருக்கிறதே, வெறும் எழுத்தை மட்டும் காட்டுமே, அவருக்கு அது ஒன்றுதான் தெய்வம். எந்த ஃபைல் வந்தாலும் அதில் திறப்பார். எழுத்து எழுத்தாகத் தெரிந்தால் 'சரி' என்பார். தெரியவில்லை என்றால் அது திருட்டுச் சாமான். எங்கள் டேட்டா முழுவதும் எழுத்துதான். பெயர் லட்சுமி, நிறம் செவலை, சினை ஆம் என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் அடைப்புக்குறி திறக்கும், ஒன்று மூடும். அவர் அதைச் சரிபார்க்கும்போது "தொற... தொற... மூடு... தொற... மூடு, மூடு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பார். உரம் வாங்க வந்து வழி தவறி மேலே ஏறிய பெரியவர் ஒருவர், பரிகாரம் நடக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்.

ஆபீசில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். டீக்கடையில் போண்டா தொடமாட்டார். "உள்ள இன்னா வெச்சி மூடிகினு கீறான்னு யாருக்குத் தெரியும்?" என்பார். வடை சாப்பிடுவார். "அதுல ஓட்ட இருக்குது பாரு, அந்தப் பக்கம் தெரியுது." தவளக்குப்பம் ஜங்ஷனில் நானும் அவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். பஸ்ஸில் 'வில்லியனூர்' என்று போர்டு இருக்கும். கண்டக்டரைக் கேட்பார், டிரைவரைக் கேட்பார், உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் கேட்பார். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னால் என் பக்கம் குனிந்து, "பேசி வெச்சிகினு சொல்றாங்களோ?" என்பார். இந்த ஆளோடு தினமும் பஸ்ஸில் வந்து நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கே எனக்கு ஒரு மாலை போட வேண்டும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு நித்யா வந்து சேர்ந்தாள். திருவாண்டார்கோயில் பெண். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, கல்யாணமாகி ஊரோடு வந்தவள். வந்த வாரமே டேட்டாவைப் பார்த்துவிட்டு, "இதை பைனரிக்கு மாத்திடலாமே" என்றாள். சாமி சிலையை மாற்றலாம் என்று சொன்ன மாதிரி எழுந்து நின்றார் நோட்பேட் அண்ணன்.

"பைனரின்னா?"

"கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி கட்டி வெக்கிறது அண்ணா. இப்ப ஒரு மாடு சினையான்னு பாக்கணும்னா, பேரு, நிறம், கொம்பு, ஓனர் பேருன்னு மொதல்ல இருந்து படிச்சிகினே வரணும். பைனரியில ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி 'நான் இவ்ளோ நீளம்'னு சீட்டு ஒட்டியிருக்கும். வேணாம்னா அப்டியே தாண்டிப் போயிடலாம்."

"தாண்டிப் போனா, நடுவுல இன்னா இருந்துச்சுன்னு யாரு பாத்தது?"

"பாக்கத் தேவையே இல்லண்ணா."

"ஆங்! திருடனும் இதத்தான் சொல்லுவான்."

நித்யா விடவில்லை. "அதுமட்டும் இல்ல. இது முழு எண், இது தேதி, இது ஆமா-இல்லைன்னு ஒவ்வொண்ணுக்கும் ரகம் குறிச்சிருக்கும்."

"எனக்குக் கண்ணு இல்லையா? நம்பரு எது தேதி எதுன்னு பாத்தா தெரியாதா?"

காட்டினால் நம்புவார் என்று, பாவம், அவள் ஒரு பைனரி ஃபைலை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை எதில் திறந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக என்னவோ வந்தது. நடுவில் ஓர் இதயம், தலைகீழாக ஒரு கேள்விக்குறி, பல்லிவால் மாதிரி ஏதோ ஒன்று. இந்தக் கூட்டத்துக்குள் இங்கிலீஷில் 'லட்சுமி' என்கிற பெயர் மட்டும் தன்னந்தனியாக முழித்துக்கொண்டு நின்றது.

"அய்யய்யோ, லட்சுமிய இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு கத்தினார். கீழே உரக்கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மேலே ஓடி வந்துவிட்டார்கள்.

அதிலிருந்து அவர் நித்யாவை ஒற்றராகவே நினைத்தார். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் திரும்பிப் பார்ப்பார். யாருக்கும் தெரியாமல் ஒரே டேட்டாவை இரண்டு விதமாகவும் வைத்து அளந்து பார்த்திருக்கிறார். ஒருநாள் கையில் சூடான பக்கோடாப் பொட்டலத்தோடு வந்து, மேஜை நடுவில் வைத்தார்.

"பைனரி ஃபைலு பெருசா இருக்குது! சுருக்கறேன்னு சொல்லிப் பெருக்கி வெச்சிருக்குது! சாப்பிடுங்க, எல்லாரும் சாப்பிடுங்க."

"நான் சின்னதா இருக்கும்னு எப்பண்ணா சொன்னேன்? சின்னச் சின்ன டேட்டாவா இருந்தா அந்தச் சீட்டுங்களே எடத்தப் புடிச்சிக்கும். வேகமாத் தேடலாம்னுதான் சொன்னேன்" என்றாள் நித்யா. சொல்லிக்கொண்டே பக்கோடாவையும் எடுத்துக்கொண்டாள். நல்ல பெண்.

நேரமும் அவர் பக்கமே இருந்தது. சோதனைக்காக இரண்டு வகையிலும் டேட்டா ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. இன்வர்ட்டர் எப்போதோ செத்திருந்தது, அதுவும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு ஃபைலும் பாதியில் நின்றுவிட்டன. பைனரி ஃபைல், 'நான் இவ்வளவு நீளம்' என்று முன்னால் சொல்லியிருக்கிறது, பின்னால் அவ்வளவு இல்லை. எங்கள் புரோகிராம் அதைத் திறக்கவே மாட்டேன் என்றது. எழுத்து ஃபைலை அண்ணன் நோட்பேடில் திறந்தார். கடைசியில் தொங்கிய அரை மாட்டை வெட்டினார், அடைப்புக்குறியை மூடினார், அவ்வளவுதான், வேலை செய்தது. அன்று முழுக்க ஆபரேஷன் முடித்து வெளியே வந்த பெரிய டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டே திரிந்தார். முதலாளியும், "பைனரி அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் நெட்டப்பாக்கம் கொம்யூன், அதாவது அந்தப் பஞ்சாயத்து வட்டாரத்து மாடுகள் எங்களிடம் வந்து சேர்ந்தன. தோட்டு நம்பர் முதலாளியின் சொந்தக் கண்டுபிடிப்பு. கொம்யூன், ஊர், தோடு மாட்டிய தேதி, வரிசை எண் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே நம்பராக்கிவிடுவார். "நம்பர் நீளமா இருந்தாத்தான் கம்பெனி பெருசுன்னு நெனப்பாங்க" என்பது அவர் கொள்கை. வில்லியனூருக்கும் பாகூருக்கும் முன்னால் ஒற்றை இலக்கம். நெட்டப்பாக்கத்துக்கு இரட்டை இலக்கம் கொடுத்தார். அதனால் அந்தப் பக்கத்து மாடுகளுக்கு மட்டும் நம்பர் பதினேழு இலக்கமாக நீண்டுவிட்டது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். ஒரு பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"இங்க யாரு எம் மாட்ட சினை இல்லன்னு எழுதுனது?"

பண்டசோழநல்லூர் செல்வி. வீட்டுக்காரர் கரும்பும் நெல்லும் வைத்திருக்கிறார், மாடு அவள் பொறுப்பு. மாட்டு டாக்டர் வந்து கையை விட்டுச் சினை பார்த்திருக்கிறார். என்ன என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. "ஆப்ல வரும், பாத்துக்கோங்க" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஆப்பில் 'சினை இல்லை' என்று வந்துவிட்டது. இதற்கு முன்னாலும் சினை ஊசி போட்டுப் பிடிக்காத மாடு. வீட்டுக்காரர் வெறுத்துப்போய்த் தரகரிடம் பேசி முடித்துவிட்டார். சாயங்காலம் வண்டி வருகிறது. டாக்டரைக் கேட்கலாம் என்றால் அவர் குடும்பத்தோடு திருப்பதி வரிசையில் நிற்கிறார், போன் லாக்கரில்.

"ரெண்டு மாசமா மாடு கத்தல, காளை தேடல. சினைதாண்ணா அது. சொன்னா அந்த மனுசன் 'ஆப்ல போட்டுகீது இல்ல'ன்றாரு. வயித்துல கன்னோட வண்டியில ஏத்தப் போறாங்கண்ணா."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. நித்யா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நோட்பேட் அண்ணன் மட்டும் கண்ணைச் சுருக்கினார்.

"எந்தப் பால் கம்பெனிக்காரன் அனுப்புனான் உன்ன?"

"இன்னாது?"

"எங்க ஆப்ப கெட்ட பேரு பண்ண..."

"யோவ், நான் பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி வந்துகீறேன்!" என்றாள் செல்வி. படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். பதில் தெரியாமல் போகமாட்டாளாம்.

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். நித்யாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சீலிங் ஃபேனைக்கூடப் பார்த்தார். சந்தேகப்பட ஆள் தீர்ந்துபோய், கடைசியில் தன் மானிட்டரையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டர் போனிலிருந்து தினமும் வரும் எழுத்து ஃபைலை எங்கள் புரோகிராம் படித்து டேட்டாபேஸில் ஏற்றிவிடும். அதன் பிறகு அந்த மூல ஃபைல் தேவையில்லை, அழித்துவிடலாம். அண்ணன் அழித்ததே இல்லை. அழித்தால் நாளைக்கு எவன் என்ன சொல்வான் என்று யாருக்குத் தெரியும்? டாக்டர் சினை பார்த்த நாளின் ஃபைலை எடுத்துத் திறந்தார். செல்வி தன் போனில் இருந்த தோட்டுப் படத்தை நீட்டினாள். ஒவ்வோர் இலக்கமாக இருவரும் சத்தம் போட்டுப் படித்தார்கள். கடைசி இலக்கம் ஏழு. பக்கத்தில் 'சினை: ஆம்'.

"நான் சொன்னேன் இல்ல!" என்று கத்தினாள் செல்வி.

அடுத்த வரி, எட்டில் முடியும் மாடு. அது பக்கத்து வீட்டு மாடு, செல்வி மாட்டுக்கு அடுத்ததாக அதே நாளில் தோடு மாட்டியது. அதற்கு 'சினை: இல்லை'. அவர் எங்கள் டேட்டாபேஸைத் திறந்தார். எட்டு இருந்தது. ஏழைக் காணோம்.

"ஏழு எங்க?" என்றார். மேலே போனார், கீழே வந்தார். "ஏழு எங்க போச்சு?"

நித்யா வந்து குனிந்து பார்த்தாள். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, எழுத்துல வெறும் நம்பருன்னுதான் இருக்குது. எந்த ரகம்னு சொல்லல. நம்ம புரோகிராம் அதப் படிக்கறப்ப தசம எண்ணு வெக்கிற பெட்டியில போட்டுடுச்சு. அந்தப் பெட்டியில பதினஞ்சு பதினாறு இலக்கத்துக்கு மேல போனா கடைசி இலக்கம் நிக்காது, பக்கத்து நம்பருக்கு நழுவிடும். ஏழு போயி எட்டுல விழுந்துடுச்சு. ரெண்டு மாடும் ஒரே மாடாயிடுச்சு. கடைசியா வந்த பதிலு ரெண்டுக்கும் நின்னுடுச்சு."

"பைனரியில?"

"முழு எண்ணு, பெரிய பெட்டின்னு ரகம் குறிச்சு வெச்சிருக்கலாம். ஏழு ஏழாவே இருந்திருக்கும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எட்டு, எந்தக் கட்டமும் இதயமும் இல்லாமல், பளிச்சென்று எழுத்தில் தெரிந்தது. "கண்ணுக்குத் தெரியுதே நித்யா" என்றார் மெதுவாக. "தெனம் நான் பாத்துகினே தானே இருந்தேன்." எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு முதலாளி மேலே வந்தார். "இது வெளிய தெரிஞ்சா கம்பெனி பேரு இன்னா ஆவறது? டாக்டர் வரட்டும், திங்கக்கெழம பாத்துச் சொல்லிக்கலாம்."

"திங்கக்கெழம மாடு இருக்காது மொதலாளி" என்றார் நோட்பேட் அண்ணன். முதலாளியின் வண்டிச் சாவியை அவர் மேஜையிலிருந்தே எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவரிடம் நான் அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை.

நித்யா தன் ஸ்கூட்டரில் செல்வியை ஏற்றிக்கொண்டு முன்னால் போனாள். அண்ணனுக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். அந்த ஊர்க்காரியே முன்னால் வழி காட்டிக்கொண்டு போகிறாள். இந்த மனிதர் ஒவ்வொரு கூட்ரோட்டிலும் வண்டியை நிறுத்தி, "பண்டசோழநல்லூருக்கு இப்டித்தானே?" என்று கேட்கிறார். "அண்ணா, மாடு போயிடும்ணா!" என்று நான் முதுகில் ஓர் அடியே வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நிறுத்தவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி வந்து நின்றிருந்தது. பலகை சாய்த்துப் போட்டாயிற்று. கயிறு தரகர் கையில். மாடு முன்னங்காலைப் பலகையில் வைக்கமாட்டேன் என்று பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் நேராகப் போய் மாட்டின் காதைப் பிடித்துத் தோட்டு நம்பரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

தரகர் பயந்துபோய், "சார் கொம்யூன் ஆபீஸுங்களா?" என்றார்.

செல்வியின் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "யாருபா நீ? வேற தரகனா? வெலைய ஏத்த வந்தியா?"

"ஆப் கம்பெனிங்க. ஒங்க மாடு சினை. ஆப்ல தப்பா வந்துடுச்சு."

"தப்பா வந்துச்சா? நீங்கதானே போட்டீங்க?"

"நாங்கதான் போட்டோம். எங்க தப்புதான்."

"அன்னிக்கு இல்லன்னீங்க, இன்னிக்கு ஆமான்றீங்க. இப்ப சொல்றது மட்டும் சரின்னு நான் எப்டிபா நம்பறது?"

அது நோட்பேட் அண்ணன் வாழ்நாள் முழுவதும் அடுத்தவர்களைக் கேட்ட கேள்வி. அவரை யாரும் கேட்டதில்லை. பிடித்திருந்த மாட்டுக் காதை விட்டார்.

"நம்பாதீங்க" என்றார். "என்னை நம்பாதீங்க. ஆப்ப நம்பாதீங்க. தோ, இந்தத் தரகரையும் நம்பாதீங்க. டாக்டர் வர்ற வரைக்கும் மாட்டக் கட்டி வைங்க. கைய வுட்டுப் பாத்து, ஒங்க மூஞ்சிக்கு நேரா வாயத் தொறந்து சொல்லட்டும். அதுக்கப்புறம் வித்துக்கோங்க."

வீட்டுக்காரர் தரகரைப் பார்த்தார். தரகர் வானத்தைப் பார்த்தார். அந்த இடைவெளியில் செல்வி போய்த் தரகர் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு, மாட்டைக் கொட்டகைக்குள் ஓட்டிக் கட்டிவிட்டாள். வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

திங்கட்கிழமை டாக்டர் திருப்பதி மொட்டையோடு வந்தார். முழங்கை வரை கையை விட்டு, "சினைதான். அன்னிக்கே போட்டேனே" என்று எரிந்து விழுந்தார். "எதுக்கும் இன்னொரு வாட்டி பாத்துடுங்களேன்" என்றார் பக்கத்தில் நின்ற நோட்பேட் அண்ணன். மாடு திரும்பி அவரை முறைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த வாரமே அவரும் நித்யாவும் உட்கார்ந்து அத்தனை மாட்டையும் பைனரிக்கு மாற்றினார்கள். அதற்காக மனிதர் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். மாற்றிய ஒவ்வொரு மாட்டையும் மறுபடி எழுத்தாக்கிக் காட்டச் சொல்லி, மூல ஃபைலோடு ஒப்பிட்டுப் படித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவிட்டார். "பைனரிய நம்பக் கூடாது. எழுத்தையும் நம்பக் கூடாது" என்றார். சந்தேகம் முன்பு ஒன்றின் மேல்தான் இருந்தது, இப்போது இரண்டாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பண்டசோழநல்லூருக்குக் கிளம்பிவிடுவார். கொட்டகை வாசலில் நின்று மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அவர் ஏதோ பேங்க் ஆள், ஜப்தி பண்ண வந்திருக்கிறார் என்று ஊரில் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் தன் மாட்டைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். திங்கட்கிழமை அண்ணன் ஆபீசுக்கு வந்து எங்களிடம், "வயிறு பெருசாவுது. ஆனா தீனியாவும் இருக்கலாம்" என்பார். நானும் நித்யாவும் சிரித்து மாளாது.

ஒருநாள் காலையில் செல்வியிடமிருந்து போன் வந்தது. மாடு கன்று போட்டுவிட்டது. "கண்ணால பாத்தாத்தான் ஆச்சு" என்று அண்ணன் கிளம்பினார். நாங்களும் ஒட்டிக்கொண்டோம். போய்ப் பார்த்தால், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு கிடேரிக் கன்று. நான்கு காலும் நான்கு பக்கம் போக, எழுந்து நிற்கப் பார்க்கிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது. மாடு அதை நக்கிக்கொண்டே இருந்தது. செல்வி சிரிக்கிறாள், அழுகிறாள், எங்களுக்கு உட்காரச் சாக்கைப் போடுகிறாள். அண்ணன் குந்தி உட்கார்ந்து, ஈரமாக இருந்த அந்த முதுகில் ஒரு விரலை மட்டும் வைத்துப் பார்த்தார்.

பிறகு வழக்கம்போல ஆபீஸ் மனிதராகி, போனை எடுத்து என்னவோ தட்டினார். வைக்கோல் உதறிக்கொண்டிருந்த செல்வியின் வீட்டுக்காரரிடம், "கன்னு பொறந்தத ஆப்ல ஏத்திட்டேங்க. சரியா வந்துகீதான்னு ஒரு வாட்டி பாத்துடுங்க" என்றார்.

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆப் கெடக்குதுபா. நீ வந்துட்ட இல்ல."

நோட்பேட் அண்ணன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, அவரோடு சேர்ந்து வைக்கோல் உதறக் குனிந்தார். ஊர் உலகத்தையே சந்தேகப்பட்ட அந்த மனுஷனை அந்த வீடு ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டது. நானும்தான்.